மானி இல்லாத இடுக்கு

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் ‘அடுப்பம்மா’. வீட்டில் சமையல் எல்லாம் கணவன்தான், அவள் அடுப்புப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டாள் என்று தெரிந்தவர்கள் வைத்த பெயர். அவள் மல்லுக்கட்டியது பிளாஸ்மாவோடு. அணுக்களைப் பிணைத்து மின்சாரம் எடுப்பதற்காக, சூரியனைவிடச் சூடான அந்த வாயுவைக் காந்தங்களால் பிடித்து, ஒரு கலனுக்குள் சுவரில் படாமல் சுழலவிடுவார்கள். ஆனாலும் அதன் கழிவு வெப்பம் எங்காவது இறங்கித்தானே ஆகவேண்டும்? கலனின் அடியில் பதித்த உலோகத் தகடுகளில் இறங்கும். கொஞ்சம் அசந்தால் தகடு உருகும், பின்னால் ஓடும் தண்ணீர்க் குழாயும் பிய்த்துக்கொள்ளும்.

அதைத் தடுக்க, காந்தங்களை ஆட்டிவைக்கும் ஒரு புரோகிராம் எழுதினாள். எப்படித் தடுப்பது என்று அதற்குச் சொல்லித்தரவில்லை. தகடுகளில் பதித்த வெப்பமானிகள் காட்டும் சூட்டைக் குறை என்று மட்டும் சொல்லி, கணினிக்குள் ஒரு பொய்க் கலனைக் கட்டி அதில் பழகவிட்டாள். நிஜக் கலனிலும் சூடு குறைந்தது. எல்லோரும் மெச்சினார்கள். வேறொரு நாட்டில் இதே வேலை பார்த்த அவள் தம்பி நச்சரித்து அதை வாங்கிக்கொண்டான்.

பராமரிப்புக்காகக் கலனைத் திறந்த அன்று காலை, உள்ளே கேமரா விட்டுப் பார்த்த ஃபிட்டர் அவளைக் கூப்பிட்டார்.

“தகடெல்லாம் புதுசு மாதிரி இருக்கும்மா. ஆனா இந்த இடுக்கைப் பாருங்க.”

இரண்டு தகடுகளுக்கு நடுவே, மானி எதுவும் இல்லாத இடத்தில், உலோகம் மெழுகாக வழிந்து உறைந்திருந்தது. பின்னாலிருந்த குழாயின் சுவர் காகிதமாகத் தேய்ந்திருந்தது.

புரோகிராம் சூட்டைக் குறைக்கவே இல்லை. கண் படாத இடத்துக்குத் தள்ளிவிட்டிருந்தது.

தம்பிக்குப் போன் போட்டாள். “இன்னைக்கு மெஷினை ஓட்டாதே.”

“என்னக்கா, விளையாடுறியா? முழு பவர்ல ஓட்டப்போறோம். பெரிய ஆளுங்க எல்லாம் வந்து உட்கார்ந்திருக்காங்க.”

“நேத்து ஓட்டினப்போ தகடு எப்படி இருந்துச்சு?”

“ஜில்லுனு இருந்துச்சு. இப்படி நாங்க பார்த்ததே இல்லை.”

“அதான்டா பயமே. சூடு வேற எங்கேயோ இறங்குது. தகடுக்கு நடுவே இருக்கிற இடுக்கைப் பாரு.”

“அங்கே பார்க்க எங்ககிட்ட மானி ஒண்ணும் இல்லையே.” அவன் குரல் தணிந்தது. “இரு, தலைவர்கிட்ட சொல்லிப் பார்க்கிறேன்.”

போனை மேசையில் வைத்துவிட்டுப் போனான். தூரத்தில் அவன் கெஞ்சுவது கேட்டது. யாரோ சிரித்தார்கள். “அப்புறம் பேசிக்கலாம் தம்பி” என்றது ஒரு குரல். பிறகு மெஷினின் முனகல் மெல்ல ஏறியது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். முனகல் சட்டென்று அறுந்தது. நாற்காலிகள் உருண்டன. அபாய மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

யாருக்கும் காயமில்லை. கலனுக்குள் தண்ணீர் புகுந்து அந்த மெஷின் முடங்கிவிட்டது. சாயங்காலம்தான் தம்பி மறுபடி பேசினான். அவள் ஒன்றுதான் கேட்டாள்: “வேற யாருக்காவது அந்தப் புரோகிராமைக் கொடுத்தியா?”



“கேட்டவங்களுக்கெல்லாம் கொடுத்தேன்க்கா. அவங்க யார் யாருக்குக் கொடுத்தாங்களோ, தெரியலை.”