பாத்தி மிதிக்கிற இரண்டு விரல்

அந்த இல்லத்துக்கு வரும் விருந்தாளிகள் எல்லாருக்கும் ஒரே பேர். ஆள்காட்டி விரலை நிமிர்த்திப் பிடித்து அதன் நுனியில் ஃபூ என்று ஊத வேண்டும். மெழுகுவத்தி. கேக் கொண்டுவந்து, ஊதி, வெட்டி, பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர். டாக்டரோ, நகைக்கடைக்காரரோ, சைகையில் எல்லாரும் மெழுகுவத்திதான்.

மரக்காணம் உப்பளங்களைப் பார்த்தபடி நிற்கிறது இல்லம். கால் வராத, காது கேட்காத, கண் தெரியாத, வீடென்று ஒன்றும் இல்லாத பிள்ளைகள். பேர் வைக்கும் அதிகாரம் காது கேட்காத ஒரு பெண்ணிடம் இருந்தது. பதின்மூன்று வயசு, பேச்சு முழுக்க விரலில். அவளுக்கு மொழிபெயர்ப்பாளர் அவளுடைய சிநேகிதி, சக்கர நாற்காலிக்காரி. மொழிபெயர்ப்பில் சொந்தச் சரக்கும் கொஞ்சம் கலப்பாள்.

நான் முதலில் போனது என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு, தை மாசக் கடைசியில். கேக்கோடுதான். ஊதினேன், வெட்டினேன், போட்டோவும் எடுத்துக்கொண்டேன். பிறகு வராந்தாவில் சிமெண்ட் பெஞ்சுக்குப் பக்கத்தில் கிடந்த மரப் பெஞ்சில் உட்கார்ந்தேன். நாற்காலிக்காரி தன் கால்களை அதே பெஞ்சின் மறுமுனையில் நீட்டி வைத்திருந்தாள்.

"இன்னா அங்கிள், பஸ்ஸுல போறா மாதிரி இருக்குது?"

என் கால்தான். உட்கார்ந்தால் அது தானாக ஆடும். உட்கார்ந்துகொண்டு காலாட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று அம்மா தொடையில் அடித்து அடித்து ஓய்ந்துபோன கால்.

"சாரிம்மா."

"ஆட்டுங்க, ஆட்டுங்க. நல்ல காலு ரெண்டையும் வச்சிக்கினு உக்காந்த எடத்துலயே ஓட்டி வேஸ்ட் பண்றீங்களே, அதான் கேட்டேன்."

எதிரில் நின்றிருந்த பேர்வைப்பவள் எங்களையே பார்த்தாள். இரண்டு விரலைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டு, கிடுகிடுவென்று ஆட்டினாள்.

"என்ன சொல்றா?"

நாற்காலிக்காரி ஒரு நொடி யோசித்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் கை காட்டினாள். "பாத்தி மிதிக்கிறாங்க பாருங்க, அதைச் சொல்றா."

உண்மைதான். உப்பு விளைவதற்கு முன்னால் களிமண் தரை இறுகுவதற்காக ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று மிதித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஒரு சிறுமியின் இரண்டு விரலுக்குள் முழு உப்பளம்! வீட்டுக்குப் போய் அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது.

கிளம்பும்போது, "எனக்கு என்ன பேர்?" என்றேன். பேர்வைப்பவள் விரலை நிமிர்த்தி ஊதினாள்.

"திரும்பி வர்றவங்களுக்குத்தான் தனிப் பேரு, அங்கிள்."

"அடுத்த மாசம் வர்றேன்."

இது விரலுக்கு மாற்றப்பட்டதும் பேர்வைப்பவள் தோளுக்குப் பின்னால் எதையோ தூக்கி எறிவது போலக் காட்டினாள்.

"'அடுத்த மாசம்'னு சொல்றதுக்கும் எங்ககிட்ட சைகை இருக்குது."

அது சுருக்கென்றது. மெழுகுவத்தியாகச் சாவதில்லை என்று முடிவெடுத்தேன். மாசி, பங்குனி, சித்திரை, விடாமல் போனேன். ஒவ்வொரு தடவையும் பேர் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் ஃபூ. வார்டன் அக்காவுக்கு இடுப்பில் சாவிக்கொத்து ஆட்டுகிற பேர். பால்காரருக்குக்கூட மீசை முறுக்குகிற பேர். பால்காரரை நான் வெறுக்க ஆரம்பித்தேன். நானே பேர்களை முன்மொழிந்தும் பார்த்தேன்.

"தாடி?"

"அது பிசியோதெரபி சாருக்குப் போயிடுச்சு."

"பேனா?"

"டியூஷன் மிஸ்ஸு."

சிவப்புத் தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். பேர்வைப்பவள் அதைக் கழற்றித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். அத்தோடு சரி. இடையிடையே அந்த இரண்டு விரல் மட்டும் ஆடும். ஆனி மாசத்திலும் ஆடியது, ஆவணியிலும் ஆடியது. உப்பளத்தின் மேல் இந்தப் பிள்ளைக்குத்தான் எவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் போகவில்லை. மழை என்று சொல்லிக்கொண்டேன். மழை பாதி, சோம்பல் பாதி. மார்கழியில் ஒரு காலை, திருடன் மாதிரி கேட்டைத் திறந்தேன். 'அடுத்த மாசம்' சைகைக்கு இந்நேரம் நான்தான் உதாரணமாக இருப்பேன்.

வராந்தாவில் நின்ற பேர்வைப்பவள் என்னைப் பார்த்தாள். உள்பக்கம் திரும்பி, உடம்பே குலுங்க, இரண்டு விரலைக் கிடுகிடுவென்று ஆட்டினாள். ஜன்னலில் இன்னும் நாலைந்து கைகள். எல்லாவற்றிலும் இரண்டிரண்டு விரல்.

"பாத்தி மிதிக்கிறாங்களா?" என்று திரும்பிப் பார்த்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரே ஏரி. நடுவில் ஒரு கொக்கு.

"ஏன் அங்கிள், இந்தத் தண்ணியில யாரு பாத்தி மிதிப்பாங்க?" நாற்காலிக்காரி சிரித்ததில் சக்கரமே கொஞ்சம் நகர்ந்தது.

வார்டன் அக்கா சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "சார், அது உங்க காலு. மொத நாளே வச்சிட்டா உங்களுக்குப் பேரு."

"அப்ப அந்த ஃபூ?"

"அது நீங்க கேக்கும்போது காட்டறதுக்கு" என்றாள் நாற்காலிக்காரி.

"ஏம்மா சொல்லல?"

அவள் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "பேரு கேட்டுத்தானே மாசாமாசம் வந்தீங்க. குடுத்துட்டா வருவீங்களா?"

மரப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அவள் வழக்கம் போலக் கால்களை மறுமுனையில் தூக்கி வைத்துக்கொண்டாள். பத்துப் பதினைந்து பிள்ளைகள் என் முழங்காலையே பார்க்கிறார்கள். ஐம்பது வருஷமாக யார் சொல்லியும் கேட்காத கால், அன்றைக்குப் பார்த்துக் கல்லாகக் கிடந்தது.

பேர்வைப்பவள் என் காலைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். மெதுவாக, மிக மெதுவாக, ஆள்காட்டி விரலை நிமிர்த்தி உதட்டருகே கொண்டுபோனாள். கன்னம் உப்பியது.

ஆட்டினேன்.