இடது கன்னத்துத் தழும்பு

வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு நேர் எதிரே, தையல் கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவில் செருகி வைத்தாற்போல ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. அதன் முதலாளி, படம் எடுப்பவர், தரை பெருக்குபவர், வருகிறவர்களை அதட்டுபவர் எல்லாம் ஒரே ஆள்தான். ஐம்பதை நெருங்கும் அந்தப் பெண்மணியை எழுபது வயதுக்காரர்கள்கூட போட்டோ அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவள் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்வதில்லை. கோபத்தை வேலைக்கென்று பத்திரமாக வைத்திருந்தாள்.

விசா படம் எடுக்கிறவர்களுக்குக் கோபம் வேண்டியிருக்கிறது. தாடையிலிருந்து உச்சந்தலை வரை முப்பத்திரண்டு மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, முப்பத்தாறைத் தாண்டக் கூடாது. இரண்டு காதும் தெரிய வேண்டும். பின்னால் வெள்ளை, அதில் நிழல் விழக் கூடாது. பல் தெரியக் கூடாது, அதற்காக உர்ரென்றும் இருக்கக் கூடாது. "சிரிக்காதீங்க" என்று சொன்னால் மனிதர்கள் திருட வந்தவர்கள் மாதிரி முழிப்பார்கள். அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு திடீரென்று, "முந்தாநாள் காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்பாள். யோசிக்கிற அந்த ஒரு நொடியில் உலகத்தில் யார் முகமும் கச்சிதமான விசா முகமாகிவிடும்.

அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறார். காலை நடைக்கும் மாலை நடைக்கும் நடுவே ஸ்டுடியோவுக்கு வந்து, மூலையில் உட்கார்ந்து படங்களை அளவாக வெட்டிக் கொடுப்பார். ஒவ்வொரு முகத்தைப் பற்றியும் ஒரு கருத்தும் இலவசமாகச் சொல்வார். வெட்டிய படத்தின் முதுகில் அவள் முத்திரை குத்துவாள். அலுவலகம் அங்கீகரித்த ஸ்டுடியோக்கள் நகரத்தில் நாலே நாலு. இவளுடையது நாலாம் எண். 'ஆறு மாதத்துக்குள் எடுத்தது, திருத்தம் எதுவும் செய்யப்படவில்லை' என்று அந்த முத்திரையில் பொடி எழுத்தில் இருக்கும். வருஷக்கணக்காகக் குத்திக் குத்தி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதையே அவள் மறந்துவிட்டிருந்தாள்.

விசா கிடைத்தவர்கள் சாலையைத் தாண்டி ஓடி வந்து அவளிடம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். "நான் எடுத்த படம், கிடைக்காம போயிடுமா?" என்பாள். இந்த வேலையில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. தூங்கப் போகும்போது மனசு நிறைவாகத்தான் இருக்கும்.

இரண்டு எல்லைகள் தள்ளி ஒரு நாட்டில் போர் மூண்டு இரண்டு வருஷமாகியிருந்தது. தப்பி இங்கே வந்து பதிவு செய்துகொண்டவர்கள், விட்டுவிட்டு வந்த மனைவியையோ கணவனையோ பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளையோ அழைத்துக்கொள்ளலாம் என்று அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டது. அதற்குக் கெடுவும் வைத்தது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி. அதன் பிறகு ஒரு நிமிஷம் தாமதமானாலும் மனு செல்லாது. ஸ்டுடியோ வாசலில் வரிசை சாவிக் கடையைத் தாண்டி வளைந்தது.

அந்த வாரம் புதன்கிழமை வந்தவர்தான் மாவுக்காரர். ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசைகிறவர். வேலை முடிந்து நேராக வந்ததால் முகமெல்லாம் மாவு அப்பி வெள்ளையாக இருந்தது. முகத்தைக் கழுவிவிட்டு வரச் சொன்னாள். கழுவிக்கொண்டு வந்ததும்தான் தழும்பு தெரிந்தது. இடது காதிலிருந்து வாயோரம் வரை, அவசரத்தில் தைத்த பை மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது. தப்பி வரும் வழியில் பட்டதாம். மனைவியும் ஏழு வயது மகளும் எல்லைக்கு அப்பால் ஒரு முகாமில் இருக்கிறார்களாம். இதைச் சொல்லும்போதுகூட அவர் வலது பக்கத்தைத்தான் காட்டிக்கொண்டு நின்றார்.

போட்டோ அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் அவள் கல்யாணப் படமும் எடுப்பாள். பரு, கருவளையம், அழுது வீங்கிய கண் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் டச்சப் பண்ணி அழிப்பதில் பேர்பெற்ற கை. அந்தக் கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. ஐந்தே நிமிஷத்தில் தழும்பு போய்விட்டது. அச்சில் வந்த தன் முகத்தை மாவுக்காரர் வெகுநேரம் பார்த்தார்.

"ரொம்ப நன்றிக்கா," என்றார்.

அன்றைக்கு அவள் இரண்டு பங்கு சந்தோஷமாக வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டே முக்காலுக்கு மாவுக்காரர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். "அக்கா, படத்துல இருக்கிறது நான் இல்லையாம்."

அவருடைய அகதி அட்டையில் 'அங்க அடையாளம்: இடது கன்னத்தில் தழும்பு' என்று எழுதியிருந்தது. மூன்றாம் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி அம்மா அட்டையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். திருத்திய படம் கொடுத்தால் மனுவைத் தள்ளிவிட்டு ஆறு மாதம் மறுபடி மனு போடவிடக் கூடாது என்பது விதி. ஆறு மாதம் கழித்து மனு போட உத்தரவே இருக்காது. படம் எடுத்தவர்களை நாலு மணிக்குள் கூட்டிவரும்படி சொல்லி, மனுவைத் தள்ளாமல் மேஜை மேல் வைத்திருக்கிறாராம்.

போட்டோ அக்கா மேஜை மேலிருந்த ஒரு படத்தைத் திருப்பி, முத்திரையின் பொடி எழுத்தைப் படித்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. நல்லது செய்கிறேன் என்று ஒரு குடும்பத்தின் வழியிலேயே குழி வெட்டிவிட்டாளே!

"உக்காருங்க தம்பி," என்றாள். முந்தாநாள் கேள்வியெல்லாம் கேட்கவில்லை. விளக்கைப் போட்டாள், எடுத்தாள், ஒரு புள்ளியைக்கூடத் தொடாமல் அச்சடித்தாள். அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு என்பதால் காலையிலிருந்து மூலையிலேயே இருந்த வீட்டுக்காரர் அளவாக வெட்டினார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கருத்தும் சொல்லவில்லை. வரிசையில் நின்றவர்களை அவரிடம் விட்டுவிட்டு அவளும் மாவுக்காரருடன் சாலையைக் கடந்தாள்.

மூன்றாம் ஜன்னல் அம்மாவை அவளுக்கு ஏழு வருஷமாகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து தெரியும். தலையாட்டுவார்கள், அவ்வளவுதான்.

"மேடம், தப்பு என்னோடது. தழும்பை அழிச்சது நான். இவர் கேக்கவே இல்ல."

"ஏன் அழிச்சீங்க?"

"பார்க்கப் பாவமா இருந்துச்சு மேடம்."

அந்த அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதையே எழுத்துல குடுத்தா மனுவை எடுத்துக்கலாம். ஆனா உங்க முத்திரையை ஒரு வருஷம் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். அதுவும் விதிதான். யோசிச்சுக்கோங்க."

அவளுக்கு அழுகை வந்தது. ஸ்டுடியோ நடப்பதே அந்த முத்திரையால்தான். கல்யாணம் சனிக்கிழமைக்கு ஒன்று வந்தால் அதிகம். மாவுக்காரர் குறுக்கே வந்து, "வேணாம்க்கா, உங்க பிழைப்பு," என்றார். அதுதான் அவளுக்குச் சுரீரென்றது.

"சும்மா இருங்க தம்பி. பேனா குடுங்க மேடம்."

எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மூன்று ஐம்பத்திரண்டுக்கு மனுவின் மேல் 'பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று அலுவலக முத்திரை விழுந்தது. ரசீதை நீட்டியபோது அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். "அடுத்த வாரம் அங்க உங்க மனைவியைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. கணவர் முகத்துல என்ன அடையாளம்னு கேப்பாங்க. அட்டையில இருக்கிற மாதிரியே சொல்லணும். சொல்லலைன்னா விசா கிடையாது."

வெளியே வந்ததும் மாவுக்காரர் படியிலேயே நின்றுவிட்டார். "அவளுக்குத் தெரியாதுக்கா."

"எது?"

"தழும்பு. போன்ல எப்பவும் இந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன். பயந்துடுவாங்கன்னு ரெண்டு வருஷமா மறைச்சிட்டேன்."

போட்டோ அக்கா அவரைப் பிடித்து இழுக்காத குறையாக ஸ்டுடியோவுக்குக் கூட்டி வந்தாள். முத்திரை போன சேதியைக் கேட்ட வீட்டுக்காரர், கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

"எழுதிக் குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேங்க."

"தலைக்கு மேல வெள்ளம் போயிடுச்சு, இனி சாண் என்ன முழம் என்ன. பஸ்ஸு ஓடுற வரைக்கும் அடுப்பு எரியும்மா." சொல்லிவிட்டு, வேறு மனுக்களுக்காக வரிசையில் மிச்சமிருந்தவர்களைப் பக்கத்துத் தெரு ஸ்டுடியோவுக்கு வழிகாட்டி அனுப்பப் போனார். அவளுக்கு அவரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆள் இருந்ததால் விட்டுவிட்டாள்.

மாவுக்காரர் படம் எடுக்கிற முக்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார்.

"போடுங்க தம்பி. வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு," என்றாள் போட்டோ அக்கா.

மனைவி உடனே எடுத்துவிட்டாள். திரையில் மெலிந்த முகம், பின்னால் கூடாரத் துணி. வழக்கம்போல வலது கன்னம் காட்டி அவர் மனு போட்ட கதையைச் சொன்னார். பிறகு, "உன்கிட்ட ஒண்ணு காட்டணும்," என்று சொல்லி, முகத்தை முழுசாக அவள் பக்கம் திருப்பினார்.

அவள் போனைக் கண்ணருகே கொண்டுபோனாள் போலிருக்கிறது. திரை முழுக்க அவள் கண்தான் தெரிந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள் மனைவி.

அவர் தழும்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ரெண்டு வருஷமா ஒரு பக்கத்தையே காட்டுனீங்களே. அந்தக் கண்ணு போயிடுச்சுன்னு நெனச்சேன். கேட்டா உங்க மனசு நோகும்னு கேக்கல. பிள்ளையையும் கேக்கக் கூடாதுன்னு அடக்கி வச்சிருந்தேன்." அதற்கு மேல் அவளுக்குத் தாங்கவில்லை. அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் கூடாரத்துக்கு வெளியே திரும்பி மகளைக் கூப்பிட்டாள்.

"ஓடி வாடி! அப்பாவுக்கு ரெண்டு கண்ணும் இருக்கு!"