டூட்டிங் வீட்டு மாடியில் ஓர் அரசாங்க அதிபர்

ஹோல்கர் பிரபு தன் பரம்பரை மாளிகையை விட்டுப் புறப்பட்டது 1985ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், மழை கொட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை. "செவ்வாய்க்கிழமையில ஆராவது வெளிக்கிடுவினமோ?" என்று பிற்பாடு லண்டனில் இந்தக் கதையைக் கேட்ட வீட்டுக்காரி சிவகௌரி தலையில் கைவைத்தாள். டென்மார்க்கில் அப்படிச் சொல்லித் தடுக்க ஆளில்லை. மனைவி காலமாகிவிட்டாள். பிள்ளைகள் இல்லை. மாளிகை, அண்ணனின் மகனான பெறாமகன் கைக்குப் போய்விட்டது. வாசல்வரை வந்து வழியனுப்பியது ஒரு நாய்தான். மழை வலுத்ததும் அதுவும் உள்ளே போய்விட்டது.

அவர் லண்டனைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. முன்னொரு தடவை ஏதோ மகாநாட்டுக்கு வந்தபோது ஒரு தேநீர்க்கடைக்குள் நுழைந்திருக்கிறார். ஒருவரும் எழுந்து நிற்கவில்லை. பரிமாறும் பெண் "கொஞ்சம் தள்ளி இரு ராசா" என்கிற தோரணையில் சொல்லி, அவருடைய முழங்கையைத் தூக்கிவிட்டு மேசையைத் துடைத்தாள். பிரபுவுக்குத் தன் வாழ்நாளில் கிடைத்த பெரிய மரியாதை அதுதான் என்று பட்டது.

தெற்கு லண்டன் டூட்டிங்கில் ஒரு பலசரக்குக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்து, தில்லையம்பலத்தின் வீட்டு மாடியறைக்கு அவர் வந்து சேர்ந்தார். தில்லையம்பலம் அப்போது பெற்றோல் செட் ஒன்றில் வேலை.

"முந்தி என்ன வேலை பார்த்தனீங்கள்?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"அலுவலகத்தில்," என்றார் ஹோல்கர். பொய்யில்லை.

"நானும் அப்பிடித்தான்! யாழ்ப்பாணக் கச்சேரியில, அதுதான் மாவட்ட அரசாங்க அலுவலகத்தில, கிளாக்கர். நாங்கள் கந்தோர் எண்டு சொல்லுவம்."

"நாங்களும் கிட்டத்தட்ட அப்படித்தான், கொன்டோர் என்று சொல்வோம்," என்றார் ஹோல்கர் கண்கள் மலர. அந்த ஒரு சொல்லிலேயே வாடகைப் பேச்சு முடிந்தது.

அடுத்த இரண்டு வருடங்கள் அந்த வீட்டில் ஒரு குறையும் இருக்கவில்லை. ஹோல்கர் வெங்காயம் உரித்தார். இடியப்பத்துக்குச் சொதியை வார்க்கும் விதம் பிழையென்று தில்லையம்பலத்தின் மனைவி சிவகௌரியிடம் ஏச்சு வாங்கினார். சனிக்கிழமைப் பின்னேரங்களில் பக்கத்துவீட்டு வாசுதேவனும் வந்து, நாலுபேரும் சாப்பாட்டு மேசையில் சீட்டுக்கட்டை வைத்துக் கடதாசி விளையாடுவார்கள். யாழ்ப்பாணத்தாரின் முந்நூற்றிநாலு ஆட்டத்தில் கையைவிட வாய்க்கே வேலை அதிகம். தில்லையம்பலம் தன் கூட்டாளியான ஹோல்கரை "மடையா, துரும்புச்சீட்டை வைச்சுக்கொண்டு என்ன, அடைகாக்கிறீரோ?" என்று திட்டுவார். ஹோல்கரும் "மடையா" என்று சுத்தமான உச்சரிப்பில் திருப்பித் திட்டுவார்.

இந்தச் சந்தோசத்தில் மண்ணைப் போட்டது பெறாமகன். 1987 கோடையில் அவன் ஒரு நீளக் காரில் வந்து இறங்கி, கதவைத் திறந்த தில்லையம்பலத்திடம், "ஆளுநர் இருக்கிறாரா?" என்று கேட்டான். பிறகு வாசலில் நின்றபடியே விளக்கம் கொடுத்தான்: சித்தப்பா ஒரு முழு மாவட்டத்தையும் நீண்டகாலம் ஆண்டவர். மேற்குக் கரையோரத்தில் பாலம் கட்டுவதானாலும் தேவாலயத்துக்குக் கூரை மாற்றுவதானாலும் அவர் தலையசைக்க வேண்டும்.

தில்லையம்பலம் கதவை விட்டு ஓரடி பின்வாங்கினார். "அப்ப... ஜீ.ஏ.யோ?"

யாழ்ப்பாணக் கச்சேரிக்கு ஜீ.ஏ., அதாவது அரசாங்க அதிபர், சின்னத் தெய்வம். அவருடைய மேசைக்கு முன்னால் கதிரைகள், அதாவது நாற்காலிகள், உண்டு. ஆனால் கிளாக்கர்மார் இருப்பதற்கல்ல. தில்லையம்பலம் கச்சேரியில் வேலை செய்த காலத்தில் மூன்று ஜீ.ஏ.மாரைக் கண்டிருக்கிறார், மூன்று பேரையும் நின்றபடி. அந்தப் பழக்கம் முதுகெலும்பில் ஏறிவிட்டிருந்தது. அன்று ஹோல்கர் மாடிப்படியால் இறங்கி வந்தபோது தில்லையம்பலம் சாறத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அகப்பைக்காம்பு விழுங்கியவர்போல நிமிர்ந்து நின்றார்.

அதன்பிறகு ஹோல்கருக்கு முன்னால் அவர் கதிரையில் இருக்கவேயில்லை. ஹோல்கருக்கு முன்னறையில் தனி மேசை, புதுக் கோப்பை, மடித்த துணி. வீட்டுக்காரர் சாப்பிடுவது குசினி அடுப்படியில், அதுவும் ஹோல்கர் சாப்பிட்டு முடித்தபிறகு. தொலைக்காட்சியில் செய்தி போகும்போது ஹோல்கர் வந்தால் தில்லையம்பலம் எழும்பிச் சுவரோடு சாய்வார். கடதாசி விளையாட்டு ஒரே சனியோடு முடிந்தது. ஜீ.ஏ. இறக்கிய கடதாசியைத் துரும்பால் வெட்ட எதிராளியான வாசுதேவனைக்கூட அவர் விடவில்லை.

"அண்ணை, நான் வெட்டாமல் என்ன, கும்பிட்டுவிட்டு வைக்கிறதோ?" என்று வாசுதேவன் கடதாசிகளை எறிந்துவிட்டுப் போனார்.

"உங்களுக்கு விசரே?" என்றாள் சிவகௌரி. "அந்த மனுசன் தனிய இருந்து சாப்பிட்டு அரைவாசியாய்ப் போனார். நேற்று என்னட்டைக் கேக்கிறார், வடக்கு லண்டனில, எட்மண்டன் பக்கம் அறை ஏதும் கிடைக்குமோ எண்டு."

"உமக்குத் தெரியாதப்பா. ஜீ.ஏ.க்கு முன்னால ஒரு கிளாக்கர் இருந்து சோறு குழைக்கிறதோ?"

"இது ஆற்றை வீடு?"

"வீடு என்ரதுதான். கால் கேக்குதில்லை."

ஹோல்கருக்கு இருந்தது ஒரே ஆசை. பிறரோடு சேர்ந்து சாப்பிட வேண்டும். சின்ன வயதில் மாளிகையில், ஊரே இருக்கக்கூடிய மேசையின் ஒரு முனையில் அவர் தனியாக இருப்பார். பின்னால் ஆயா நிற்பாள். ஆளுநரானபிறகு, அவர் கரண்டியைத் தூக்கும்வரை விருந்தினர் தூக்கமாட்டார்கள். அவர் பேச்சை முடிக்காமல் தூக்கமுடியாது. ஆகவே மாவட்டம் முழுவதும் அவர் குடித்தது ஆறிய சூப்புத்தான். சுடச்சுடச் சாப்பிட்டதே டூட்டிங்கில். அதை இழக்க அவர் தயாராக இல்லை.

எனவே தான் ஒன்றுக்கும் உதவாத ஆளுநர் என்று நிரூபிக்க முயன்றார்.

"தில்லை, கேளும். ஒரு படகுச்சேவையைத் திறந்துவைக்கப் போனேன். நாடாவை வெட்டிவிட்டுப் படகில் ஏறினேன். அது புறப்பட்டுவிட்டது. வாத்தியக்காரரும் நானும் கடலில். மந்திரியும் விருந்தும் கரையில்."

"ஆகா!" என்றார் தில்லையம்பலம், நின்றபடி. "எங்கட ஜீ.ஏ. ஒருக்கால் குளம் திறக்கப்போய்க் குளத்துக்குள்ள விழுந்தவர். பெரிய ஆக்களுக்குத்தான் இப்பிடி நடக்கும், சேர்."

ஹோல்கர் பல்லைக் கடித்தார். "விலாங்குமீன் ஓடைக்கு இரண்டு ஊர்கள் சண்டை. வருடம் மாறி வருடம் பிடிக்கச்சொல்லித் தீர்ப்பளித்தேன். எந்த ஊர் முதல் என்று சொல்ல மறந்துவிட்டேன். இன்னும் அடிபடுகிறார்கள்."

"ரெண்டு ஊரும் உங்கட தீர்ப்பை ஏற்றுக்கொண்டதே பெரிய காரியம், சேர்."

"கூட்டங்களில் நித்திரை கொள்வேன்!"

"கண்ணைத் திறந்துகொண்டோ?"

"ஓம்!"

தில்லையம்பலம் கைகூப்பாத குறை. "அதெல்லாம் பிறவியில வரவேணும்."

ஹோல்கர் எட்மண்டன் அறையைப் பார்த்து முற்பணமும் கொடுத்துவிட்டார். போவதற்கு முதல் வாரம், பிட்டுப் பரிமாறிக்கொண்டு நின்ற தில்லையம்பலம், பேச்சுவாக்கில் கச்சேரிக் கதை ஒன்றைச் சொன்னார். அங்கே ஒரு பெரிய உத்தியோகத்தர், தமக்கை வீட்டு வேலிக்கு அரசாங்க ஜீப்பில் தென்னோலைக் கிடுகு ஏற்றி அகப்பட்டு, டிஸ்மிஸ் ஆனாராம். "அடுத்தநாள் குடையை எடுக்க வந்தவர், சேர். பியோன்கூடக் கதிரையால எழும்பேல்லை. டிஸ்மிஸ் எண்டால் சரி, எல்லாம் போச்சு. பிறகு அவரும் எங்களைப்போல ஒரு சாதாரண மனுசன்தான்."

ஹோல்கரின் கரண்டி பாதிவழியில் நின்றது. "பியோன்கூட?"

"பியோன்கூட."

இரண்டு நாள் கழித்து ஹோல்கர் குசினி வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "தில்லை, உம்மிடம் ஒன்று மறைத்துவிட்டேன். நான் ஓய்வுபெறவில்லை. என்னை டிஸ்மிஸ் செய்தார்கள்."

தில்லையம்பலத்தின் கையிலிருந்த தட்டு சாய்ந்தது. "ஏன்?"

"அரசாங்கக் காரில் பன்றி ஏற்றினேன்."

"எத்தினை பன்றி?"

ஹோல்கர் இதை யோசித்து வைத்திருக்கவில்லை. "ஒன்று. ஆனால் பெரியது."

தில்லையம்பலம் தட்டை மேசையில் வைத்தார். பிறகு அந்தப் பாவப்பட்ட மனுசனில் அவருக்கு இரக்கம் பொங்கியது. கதிரையை இழுத்துப் போட்டுத் தானும் இருந்தார். "அட மடையா," என்றார் மெதுவாக. "ஒரு லொறி பிடிச்சிருக்கக்கூடாதோ? சரி, கவலைப்படாதையும். கௌரி, இவருக்கும் எனக்கும் இஞ்சையே போடும். சம்பலும் கொண்டாரும்!"

அடுப்படியில் நின்ற சிவகௌரி ஹோல்கரின் முகத்தை ஒருதடவை பார்த்தாள். அந்த முகம் டிஸ்மிஸ் ஆன முகமாக அவளுக்குத் தெரியவில்லை. சத்தம்போடாமல் சம்பலை எடுத்து வைத்தாள்.

எட்மண்டன்காரனுக்கு முற்பணம் லாபம். வாசுதேவன் சனிக்கிழமைகளில் திரும்ப வந்தார். ஒருதடவை ஹோல்கர் கடதாசியைப் பிழையாக இறக்கியபோது தில்லையம்பலம், "பன்றி ஏத்தின மூளைதானே!" என்று கத்த, ஹோல்கர் கண்ணீர்வரச் சிரித்தார். 1992இல் ஹோல்கரின் முழங்கால்கள் இரண்டும் மாடிப்படிக்கு மறுத்துவிட்டன. பெறாமகன் வந்து கூட்டிக்கொண்டு போனான். நத்தார்ப் பண்டிகைக்கு டென்மார்க்கிலிருந்து அட்டை வரும், தைப்பொங்கலுக்கு இங்கிருந்து அட்டை போகும்.

1997ஆம் ஆண்டு, ஷிப்ட் முடிந்து வந்த தில்லையம்பலம் குசினியில் பிட்டும் கையுமாக இருந்தபோது, தொலைபேசியில் பதிவாகியிருந்த செய்தியைச் சிவகௌரி தட்டிவிட்டாள். கிழண்டுபோன குரல், ஆனால் அதே குரல்.

"தில்லை, நான் ஹோல்கர். என்னுடைய படத்தை மாவட்டக் கந்தோரில் மாட்டப்போகிறார்கள். நீரும் கௌரியும் வரவேணும், டிக்கெற் தபாலில் வருகிறது. அங்கே பேச்சுக்கள் இருக்கும், நீர் கேட்பீர், ஆகவே முதலே சொல்லிவிடுகிறேன். என்னை ஒருவரும் டிஸ்மிஸ் செய்யவில்லை. பதக்கம் குத்தித்தான் அனுப்பினார்கள். பன்றியும் இல்லை. விருந்தில் உம்முடைய கதிரை எனக்குப் பக்கத்தில். இப்போது நீர் எழும்பி நிற்கிறீர் என்று எனக்குத் தெரியும். இரும், மடையா. சாப்பாடு ஆறுது."