இழுவைப் படகுக்குப் புது சென்சார்

“என்னம்மா ஸ்டெல்லா, புதுச் சாமானைப் போட்டு என்ஜினையே படுக்க வச்சிட்டியே!”

சீஃப் என்ஜினியர் ரெங்கசாமி இப்படிக் கத்தியபோது நான் இழுவைப் படகின் என்ஜின் ரூமில் இருந்தேன். எண்பதுகளின் கடைசி. எலெக்ட்ரானிக் கன்ட்ரோல் யூனிட் வைத்த டீசல் என்ஜின்கள் அப்போதுதான் எங்கள் கைக்கு வரத் தொடங்கியிருந்தன. சிங்கப்பூரில் பிடோக்கில் வீடு, ஜூரோங்கில் ஒர்க்‌ஷாப், இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன் வேலை எனக்கு.

அந்தப் படகுக்குப் பெரிய டர்போ மாட்டியிருந்தார்கள். டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தைச் சென்சார் அளந்து சொல்லும். அதை வைத்துத்தான் யூனிட் டீசல் விடும். பழைய சென்சார் இரண்டு ‘பார்’ அழுத்தம் வரைதான் அளக்கும், பெரிய டர்போவுக்கு அது போதாது. புதியது மூன்று பார் வரை அளக்கும். அதே காற்றுக்குப் புதியதில் வோல்டேஜ் குறைவாக வரும். நான் யூனிட்டில் கை வைக்கும் முன்பே சீஃப் த்ரோட்டில் கொடுத்துவிட்டார். காற்று போதவில்லை என்று நினைத்து யூனிட் டீசலைக் குறைத்துவிட்டது.

“பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு சீஃப். ட்யூனிங் பாக்கி.”

“நாளைக்குக் காலைல டேங்கர் இழுக்கணும். நடுவுல இது மூச்சு வாங்குனா, அவ்வளவு பெரிய கப்பல் எங்க மேலயே வந்துரும். பழசையே மாட்டிட்டுப் போ லா.”

அவர் பயம் நியாயமானது. கடலுக்குப் போகிறவர் அவர், நானல்ல.

“சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க. சரியா வரலன்னா நானே பழசை மாட்டித் தர்றேன்.”

யூனிட்டைப் புது அளவுக்கு மாற்றினேன். படகைத் துறையில் கட்டிய பிறகு, மேலே படகின் கேப்டன் த்ரோட்டிலைத் தள்ளினார். இழுவை வந்தது. கூடவே கரும்புகையும் வந்தது. பெரிய டர்போ வேகம் பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதற்குள் டீசல் அதிகமாகப் போய்விடுகிறது. ஆரம்பத்தில் மட்டும் குறைக்க வேண்டும். ஆனால் கீழே இருக்கும் எனக்குப் புகைபோக்கி தெரியாது, சத்தத்தில் மேலே சொல்வதும் கேட்காது.

“நான் மேல நின்னு பாக்குறேன்” என்றார் சீஃப். ஸ்பேனரை எடுத்துக்கொண்டார். புகை வந்தால் ஏணியில் ஒரு தட்டு, தெளிந்தால் இரண்டு.

ஒரு தட்டு. குறைத்தேன். மறுபடி ஒரு தட்டு. இன்னும் கொஞ்சம் குறைத்தேன், என்ஜின் மந்தமானது, கூட்டினேன். எத்தனை தடவையோ தெரியாது. வெயில் இறங்கும் நேரத்தில் இரண்டு தட்டு கேட்டது. நம்பாமல் ஏணியில் ஏறிப் போய், இன்னொரு முறை த்ரோட்டில் கொடுக்கச் சொல்லிவிட்டு இறங்கினேன். மறுபடியும் இரண்டு. எக்ஸாஸ்ட் புகையின் சூட்டையும் பார்த்தேன், அளவுக்குள் இருந்தது. முகமெல்லாம் கரியோடு சீஃப் இறங்கி வந்து, “பழசைத் தூக்கிப் பையில போடும்மா” என்றார்.

மறுநாள் மத்தியானம் ஒர்க்‌ஷாப்புக்கு அவரே போன் செய்தார். டேங்கர் பத்திரமாகச் சேர்ந்துவிட்டதாம்.

“என்ஜின் எப்படி இருந்துச்சு சீஃப்?”

“என்ஜினா? அதைப் பத்தி நினைக்கவே இல்லையே லா!”

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சாமானை மாட்டியதும் வேலை முடிந்துவிடாது. ஓட்டுகிறவர் அதை மறந்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்க முடிந்தால்தான் முடிந்தது.