கிரேக்கர் செய்த பிழை

“கருவாடு காயப் போடுற வீட்டுக்குக் கிரேக்கம் என்னத்துக்கு ராத்தா?”

பள்ளிக்கூடத்தில் பழைய கிரேக்கப் பொருட்களைப் பார்க்க நூதனசாலைக்குக் கூட்டிப்போகிறார்கள் என்று உம்மா சொன்னதும் மாமா இப்படித்தான் சிரித்தார். அவர் உம்மாவின் தம்பி; ராத்தா என்றால் எங்களூரில் அக்கா. வாப்பா அவருடைய போட்டில் கடலுக்குப் போனதால், எங்கள் வீட்டில் அவர் சொன்னதே முடிவு. மாம்புரியில் நான் படித்த பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் தினமும் பஸ்ஸில் போய்ப் படிக்க வேண்டும். “குமரியாகப் போற புள்ள, இந்த வருசத்தோட போதும்” என்று மாமா முன்பே சொல்லியிருந்தார். உம்மாவும் கூட வருவதால் இந்த ஒரு நாளுக்கு மட்டும் சம்மதித்தார்.

யுத்தம் முடிந்து, வழியில் யாரும் பஸ்ஸை மறிக்காத காலம் அது. ஆனாலும் கொழும்பு போய்ச் சேரும்வரை உம்மா அடையாள அட்டையைக் கையிலேயே பிடித்திருந்தார். நூதனசாலையில் பண்டைய கிரேக்கருக்கென்று ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். நட்சத்திரங்களைக் கணித்தவர்கள், நாடகம் போட்டவர்கள் என்று டீச்சர் விளக்கிக்கொண்டே போனார். நாங்கள் தலையில்லாத சிலைகளைச் சுற்றி ஓடினோம். பள்ளிக்கூடமே போயிராத உம்மா ஒரு கறுப்புச் சாடியின் முன்னால் நின்றுவிட்டார். அதில் செம்மண் நிறத்தில் பெண்கள் நூல் நூற்றுக்கொண்டிருந்தார்கள்.

“டீச்சர், பொம்புளப் புள்ளயள் படிக்கிற சாடி எது?”

“அங்க பொடியன்மாரத்தான் படிப்பிச்சாங்க ராத்தா. பொம்புளப் புள்ளயள் வீட்டோடதான்.”

“இவ்வளவு மூளையுள்ள ஆக்களா இப்படிப் பிழை விட்டாங்க!”

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. ‘வாங்க’ என்று உம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. உம்மா அசையவில்லை, அந்தப் பெண்களையே வெகுநேரம் பார்த்தார். திரும்பும்போது பஸ்ஸில் எழும்பிப் போய் டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன கதைத்தார் என்று எனக்குக் கேட்கவில்லை.

மறுநாள் மாமா வந்தார். “எப்படி ராத்தா, கிரேக்கம் முழுக்கப் பார்த்தாச்சா?”

“ஓம் தம்பி. நம்மளவிடக் கெட்டிக்காரனுகள். ஆனா பொம்புளப் புள்ளயளப் படிப்பிக்கல்ல. அவங்க விட்ட பிழைய நான் விடமாட்டன். ஆறாம் வகுப்புக்கு இவள்ட பேரக் குடுத்திட்டன்.”

மாமா வாப்பாவைப் பார்த்தார். வாப்பா வலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல், “காலையில பஸ் எத்தின மணிக்கு?” என்று கேட்டார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் படித்து முடித்த முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. போன மாதம் பல்கலைக்கழகத்தில் கிரேக்க மொழியைப் பாடமாக எடுத்துக்கொண்டேன். எழுத்துகள் இருபத்து நான்குதான். நேற்று அவற்றில் உம்மாவின் பெயரை எழுதினேன்.