பால்மா டின்னிலிருந்த சீட்டுக்காசு

கணக்குப் பார்த்தால் அந்த வருஷம் எங்களுக்கு நல்ல லாபம். கணக்குப்பிள்ளை தாளில் அப்படித்தான் எழுதித் தந்தார். கொட்டாஞ்சேனையில் நான் நடத்தும் சின்ன அச்சகத்துக்கு ஒரு கம்பெனி பெரிய கலண்டர் ஓடர் தந்திருந்தது. அடித்துக் கொடுத்தாயிற்று, பில்லும் கொடுத்தாயிற்று. காசை மட்டும் காணோம். வெறும் லாபத்தைக் கொண்டுபோய் பேங்கில் போட முடியுமா, சொல்லுங்கோ!

கலண்டருக்கு வாங்கிய கடதாசிக்காகப் புறக்கோட்டை முதலாளியிடம் ஒரு மாதம் தள்ளித் திகதி போட்ட செக் கொடுத்திருந்தேன். வியாபாரத்தில் எல்லாருக்கும் அதுதான் வழமை. அந்தத் திகதி வந்துவிட்டது. காலை பதினொரு மணிக்கு பேங்கிலிருந்து கோல்.

"மிஸ், அக்கவுண்டில சல்லி போதாது. ஒரு மணிக்குள்ள போடாட்டி செக் திரும்பும்."

ஒரு செக் திரும்பினால் போதும், புறக்கோட்டை முழுக்கக் கதை போய்விடும். பிறகு ஒரு தாள்கூடக் கடனுக்குக் கிடைக்காது. கலண்டர் கம்பெனிக்குக் கோல் எடுத்தேன். "மூன்று மணிக்கு வாங்க மிஸ், காஷ் செக் ரெடி, எங்கட பேங்க் நாலு வரைக்கும் திறந்திருக்கும்" என்றார் அங்கே கணக்குப் பார்க்கிறவர்.

அலுமாரியில், பால்மா டின்னுக்குள், சீட்டுக்காசு இருந்தது. பன்னிரண்டு பெண்கள் மாதா மாதம் போடும் சீட்டை நான்தான் பிடிக்கிறேன். முறை வருகிறவளுக்கு முழுக்காசும். அந்த மாத முறை, எங்களிடம் பைண்டிங் செய்கிற பெண்ணுக்கு. ஜிந்துப்பிட்டியில் ஒரு அறை பார்த்திருந்தாள். அன்று ஆறு மணிக்குள் அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் வீட்டுக்காரன் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவான். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் எடுத்தேன். மூன்று மணிக்குச் செக்கை மாற்றித் திருப்பி வைக்கிறதுதானே என்று மனதுக்குச் சமாதானம் சொல்லி ஓட்டோவில் ஏறினேன். செக் பாஸ் ஆனது.

மூன்று மணிக்குக் கம்பெனிச் செக்கும் கைக்கு வந்தது. அதில் அடுத்த மாதத் திகதி.

"என்ன ஐயா இது?" என்று கத்தினேன்.

"அனே மிஸ், எல்லாருக்கும் இப்படித்தான் குடுக்கிறம்" என்றார், சிரித்துக்கொண்டே.

நாசமாய்ப் போக! நான் புறக்கோட்டையில் செய்ததைத்தானே இந்த மனுசனும் எனக்குச் செய்கிறான். எந்த வாயால் சண்டை பிடிக்கிறது?

நாலரைக்கு அச்சகத்துக்கு வந்தால், பைண்டிங் பெண் கையில் காய்ந்த பசையைக் கழுவி, தலை வாரி, கைப்பையோடு நிற்கிறாள்.

"நாளைக்குத் தரட்டே?" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "ஏங்க்கா, எல்லாரும் நேத்தே குடுத்துட்டாங்கன்னு சொன்னீங்களே?" என்றாள். அவள் பார்வை என் கையில் போய் நின்றது. நாலு தங்கக் காப்பு. காலையிலிருந்து அங்கேதான் கிடந்தன. அவற்றை அடகு வைக்கலாம் என்று எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை, அவளுடைய காசுதான் முதலில் தோன்றியது.

அடகுக்கடை ஐந்தரைக்குப் பூட்டும். சவர்க்காரம் போட்டுக் காப்பைக் கழற்றிக்கொண்டு ஓடினேன். ஐந்தே முக்காலுக்குக் காசை அவள் கையில் வைத்தேன்.

ஆறு வருஷமாக என்னிடம் சம்பளம் வாங்குகிறாள். கவரைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு போகிறவள். அன்றைக்கு என் முன்னாலேயே நின்று, விரலில் எச்சில் தொட்டு, முழுவதையும் எண்ணினாள். பிறகு இன்னொரு தரம் எண்ணினாள்.