பூங்கொடி மடித்துப் பிடித்த குழந்தை

"அக்கா போய்ட்டாங்க டாக்டர். காலையில கண்ண மூடிட்டாங்க" என்றார் தொலைபேசியில் பூங்கொடியின் தம்பி. புற்றுநோய் என்று அறிந்த நாள் முதல் எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் காத்திருந்த அடுத்த குழந்தையைப் பரிசோதிக்க எனக்குக் கை வரவில்லை.

மருத்துவர்களான நம்மில் பலருக்கு அவர் கள்ளக்குறிச்சி மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் நடத்திய பேராசிரியர். அதற்கு முன் பல ஆண்டுகள் ஆய்வகத்தில் நரம்புச் செல்லின் சவ்வைப் பார்த்துக்கொண்டிருந்தவர். நரம்பை அடக்கும் வேதிப்பொருளை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் சவ்வெங்கும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை; அப்பொருள் வந்திறங்கும் இடத்துக்கு நேரெதிரே கொத்தாகக் கூடியிருக்கும். "ஏற்பி இருந்தா மட்டும் போதாதுங்க. இருக்க வேண்டிய எடத்துல இருக்கணும்" என்பார்.

ஒருநாள் கல்வராயன் மலையிலிருந்து ராசாத்தி என்ற பெண் கைக்குழந்தையோடு என்னிடம் வந்தார். தொட்டாலே குழந்தை கட்டைபோல விறைத்தது. மூத்த குழந்தையும் அப்படி விறைத்துத்தான் இறந்திருந்தது. வலிப்பு மருந்து பலிக்காததால் பூங்கொடியை அழைத்தேன். அவர் குழந்தையின் மூக்கு நுனியை மெல்லத் தட்டினார். உடல் துள்ளி விறைத்தது, மூச்சு நின்றது. உடனே தலையையும் கால்களையும் வயிற்றை நோக்கி மடித்துப் பிடித்தார். மூச்சு திரும்பியது.

"இன்னாங்க ஆச்சு எம்புள்ளைக்கு?" என்றார் ராசாத்தி.

"நரம்ப அடக்குற சேதி வருது. அத வாங்கிக்கிறது செல்லுக்குள்ளயே மாட்டிக்கினு இருக்குதுன்னு நெனைக்கிறேன், மேல வந்து சேரல. மாத்திரை தரோம். வெறச்சா இப்படி மடிங்க."

மரபணுச் சோதனையும் அதையே சொன்னது. வேறு மாத்திரையில் விறைப்பு குறைந்தது. ராசாத்தி கூலிக்குப் போயிருந்த ஒரு பகலில், குளிப்பாட்டும்போது குழந்தை விறைத்தது. மாமியார் பதறி நிமிர்த்திப் படுக்க வைத்திருக்கிறார். மூச்சு வரவேயில்லை.

செய்தி கேட்டு நானும் பூங்கொடியும் மலைக்குப் போனோம். மூலையில் ஒடுங்கியிருந்த மாமியாரிடம் பூங்கொடி சொன்னார்: "உங்க மேல தப்பு இல்லீங்க. நாங்க வந்து உங்களுக்கும் காட்டியிருக்கணும்."

மலையிலிருந்து இறங்கும் பேருந்தில் பூங்கொடி, "நுண்ணோக்கியில அந்த ஏற்பிய பச்சப் புள்ளியா பாத்துக்கினு இருந்தேன். அது இல்லாத வூடு எப்படி இருக்கும்னு யோசிச்சதே இல்ல" என்றார். அதன்பின் மலையில் விறைக்கும் குழந்தை என்று எங்கே கேள்விப்பட்டாலும், அந்த வீட்டில் எல்லோருக்கும் மடிக்கக் கற்றுத்தரப் போய்விடுவார்.

பூங்கொடியின் ஊரான கச்சிராயபாளையத்தில் அவர் உடலை எடுக்கும்போது ராசாத்தி வந்திருந்தார். "செத்துப்போன ரெண்டு புள்ளைங்க பேரயும் கேட்டது இவங்க மட்டுந்தாங்க" என்றார். அது எனக்குத் தெரியாது.

இப்போது பிள்ளையை இழந்த தாய் எவர் வந்தாலும் முதலில் அந்தப் பெயரைக் கேட்கிறேன். பூங்கொடியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வி.